பழைய புத்தகமும் இரண்டு பூனைகளும்

கொல்கத்தாவில் படித்தும் காலேஜ் தெருவைக் காணாதவர், மதுரைக்குப் போய் மீனாட்சியைக் காணாதவரே. வங்க மொழியில் புத்தகத்தைக் குறிக்கும் சொல் நம் காதில் 'பொய்' என்றே விழும். ஆனால் அத்தெருவில் கிடைப்பதோ மெய்!

நான் வாடிக்கையாகச் செல்லும் பழைய புத்தகக் கடையில் இரண்டு பூனைகள் உண்டு. ஒன்று கல்லாப் பெட்டியருகே உறங்கும். மற்றொன்று இயற்பியல் நூல்களின்மேல் அமர்ந்திருக்கும். "எலி புத்தகத்தைத் தின்னும், இவை எலியைத் தின்னும். சம்பளம் மீன் தலைதான்" என்பார் கடைக்காரர்.

சென்ற மாதம் அங்கே வெப்ப இயக்கவியல் நூலொன்று வாங்கினேன். பக்க ஓரத்தில் பென்சிலால் தமிழ் எழுத்து! "இந்தச் சமன்பாடு எப்படி வந்தது?" என்று யாரோ கேட்டிருந்தார். எனக்கும் அதே இடத்தில்தான் தடை. விடுதி அறையில் தனித்திருந்த எனக்கு அன்று ஒரு துணை கிடைத்தது.

நண்பர்களே, ஆண்டு முடிவில் நம்மில் பலர் நூல்களை எடைக்குப் போடுகிறோம். சென்ற ஆண்டு நானும் போட்டேன்; வெட்கத்தோடு சொல்கிறேன். 2020 மே மாதத்து ஆம்பன் புயலில் அத்தெருவே நீரில் மூழ்கி, எத்தனையோ நூல்கள் அழிந்தன. எலிக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவை நம் கையால் கூழாகலாமா? கணினியில் நூல் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கட்டும், முன்னே படித்தவரின் கையெழுத்து அதில் கிடைக்குமா?

ஆகவே, ஊர் திரும்புமுன் உங்கள் நூல்களை அத்தெருவில் சேர்த்துவிடுங்கள். குறிப்புகளை அழிக்க வேண்டா. அடுத்து வரும் தமிழ் மாணவர் எடுக்கும்வரை பூனைகள் காவல் இருக்கும்.