கட்டி என்று சொன்னேன்

"மார்ல ஒரு கட்டி. எடுத்துட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

போன வருடம் ஜூன் மாதத்தில் அம்மாவிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் கல்லூரியில் துறைத்தலைவரிடமும் நான் சொன்னது இதைத்தான். சொன்னது பொய். என் மார்பில் கட்டி எதுவும் இல்லை. செக்கப் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய், ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு பக்கமும் மார்புத்தசைக்கு அடியில் சிலிக்கான் பை வைத்துக்கொண்டு வந்திருந்தேன். மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவு. பாதி என் சேமிப்பு, மீதி மாதத் தவணை.

உண்மையை ஒரே ஒருத்தியிடம் சொன்னேன். இருபது வருடத் தோழி. எனக்குப் பெண்ணியப் புத்தகங்களை முதன்முதலில் கையில் கொடுத்தவள். ஃபோனில் முதலில் சிரித்தாள். பிறகு, "காசு குடுத்து வாங்குன வலிதானேடி, அனுபவி" என்றாள்.

பக்கத்து வீட்டு அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் கொண்டுவந்தார். துறைத்தலைவர், "உடம்பைப் பாத்துக்கங்க, கிளாஸை நாங்க பிரிச்சு எடுத்துக்கறோம்" என்றார். அம்மா என் தலைமாட்டிலேயே பாயை விரித்தார். ஒரே உடம்பு, ஒரே வெட்டு, ஒரே தையல். கட்டி என்றால் பரிவு, அழகுக்கு என்றால் ஏளனம். பெண்ணின் வலிக்கு நாம் காரணம் கேட்கிறோம். காரணம் பிடித்திருந்தால்தான் தண்ணீர் கொடுக்கிறோம். நான் சண்டைபோட வந்திருப்பது இதோடுதான்.

"ஏன் செய்துகொண்டாய்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். பள்ளியில் எனக்குப் பட்டப்பெயர் கேரம் போர்டு. பெண் பார்க்க வந்த அன்று, உள்ளறையில் சித்தி என் ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்தார். முன்னாள் கணவர் சொன்னதை இங்கே எழுத விருப்பமில்லை. விவாகரத்து ஆகி நான்கு வருடம். இப்போது யாருக்குக் காட்ட என்று கேட்டால் யாருக்குமில்லை. "எனக்காகத்தான் செய்துகொண்டேன்" என்று சொல்லிவிட்டால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 'எனக்காக'வில் சித்தியின் கைக்குட்டை எவ்வளவு, நான் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்களில் யாருக்காவது உங்கள் ஆசைகளை அப்படிப் பிரித்துச் சொல்ல முடியுமா?

இந்த ஆசை ஒன்றும் தானாக முளைத்ததில்லை. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதல் சிலிக்கான் மார்பகம் பொருத்தப்பட்ட டிம்மி ஜீன் லிண்ட்ஸே, மார்பில் குத்திய பச்சையை எடுக்கத்தான் மருத்துவமனைக்குப் போனார். மார்பைப் பெரிதாக்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டது மருத்துவர்கள். அவரோ தன் காதுகளைச் சரிசெய்துகொள்ளத்தான் விரும்பினார். கடைசியில் இரண்டையும் செய்தார்கள். இருபது வருடம் கழித்து, 1982இல், அந்நாட்டுப் பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கம் அரசுக்குக் கொடுத்த மனுவில் சிறிய மார்பையே ஒரு நோயாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியது. முதலில் பொருள் வந்தது, பிறகு அதற்கேற்ற நோய் வந்தது. இதை வகுப்பில் நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். தெரிந்தும் போனேன். தெரிந்திருப்பது வேறு, தப்பித்திருப்பது வேறு.

இனி, விற்கும்போது யாரும் சொல்லாத அந்த முதல் வாரங்களுக்கு வருகிறேன்.

"மூணாவது நாள் ட்ரெயின்ல போகலாம் மேடம், ஒரு வாரத்துல வேலைக்கே போகலாம்" என்றார்கள். மூன்றாவது நாள் ரயிலில் என் பையை மேலே வைத்ததும் இறக்கித் தந்ததும் முகம் தெரியாத ஒரு கல்லூரிப் பையன். எனக்கு நெஞ்சின் மேல் ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. தசையைத் தூக்கி அதற்கடியில் பையைச் செருகினால் அந்தத் தசை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மூச்சை ஆழமாக இழுக்க முடியாது. தும்ம பயம், சிரிக்க பயம். மல்லாந்துதான் படுக்க வேண்டும், அதுவும் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி. கையை ஊன்றி எழுந்திருக்க முடியாது. வலி மாத்திரையால் நான்கு நாள் மலச்சிக்கல். முலைக்காம்பு ஒருபக்கம் மரத்துப்போயிருந்தது, மறுபக்கம் துணி பட்டாலே மின்சாரம் பாய்ந்தது. இரவும் பகலும் இறுக்கமான ஒரு பட்டை. மதுரை வெயிலில் அதற்குள் வியர்க்குரு. கண்ணாடியில் பார்த்தால் அழகு எங்கே? மார்பு கழுத்துக்குக் கீழே விறைத்துக்கொண்டு, மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போய் நின்றது. அது இறங்கித் தன் இடத்துக்கு வர வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். ஓடிவந்து கட்டிக்கொண்ட என் பத்து வயது மகள், நான் போட்ட அலறலில் மிரண்டு ஒதுங்கினாள். அதன் பிறகு ஒரு வாரம் என் பக்கத்தில் வரவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இருந்தது: "இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கைகளைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது." எழுத ஒரு வரிதான். வீட்டில் ஒரு நாள் அதைக் கடைப்பிடித்துப் பாருங்கள். குக்கரை இறக்க முடியாது. தண்ணீர்க் கேனைக் கவிழ்க்க முடியாது. அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் மிளகாய்ப்பொடி எட்டாது. துணியைப் பிழிந்து கொடியில் போட முடியாது. தலை பின்ன முடியாது. ஸ்கூட்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்க முடியாது. நான் ஆசிரியை, பத்து நாள் கழித்து வேலைக்குப் போனபோது கரும்பலகையில் ஒரு வரி எழுதக் கை எழும்பவில்லை. நம் வேலைகள் அத்தனையும் கையைத் தூக்கிச் செய்யும் வேலைகள். அந்தச் சீட்டை எழுதியவர், நோயாளியின் வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள், அவள் தூக்கிக்கொள்வாள் என்று எண்ணிக்கொண்டே எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் தூக்கியது அறுபத்துமூன்று வயதில் முழங்கால் தேய்ந்த என் அம்மா. நான் வாங்கிய அழகின் விலையில் அந்த முழங்காலும் உண்டு. எந்த ரசீதிலும் அது இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் இரவு, இடது பக்கம் மட்டும் திடீரென்று வீங்கிக் கல்லாக இறுகியது. அருகிலிருந்த மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். "என்ன ஆபரேஷன்?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். பக்கத்தில் அம்மா. "கட்டி" என்றேன். "பயாப்ஸி ரிப்போர்ட் எங்க?" என்றார். சென்னையில் என்றேன். அவர் வேறு எதையெதையோ யோசித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார், நான் மழுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மாவைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பிவிட்டுத்தான் உண்மையைச் சொன்னேன். அரை மணி நேரம் போயிருந்தது. உள்ளே இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் சர்ஜனை வரவழைத்து, அன்றிரவே தையலைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது இரண்டு நர்ஸுகள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது.

அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். கத்தியைவிட என்னை ஆபத்தில் தள்ளியது வெட்கம். அந்த வெட்கத்தை எனக்குக் கொடுத்ததில் சித்திக்குப் பங்கு உண்டு. "அனுபவி" என்ற தோழிக்கும் உண்டு.

சந்தையை விட்டுவிடப் போவதில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021இல் இந்தப் பைகளுக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இவை ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் அல்ல. நாளாக ஆகச் சிக்கலுக்கான வாய்ப்பு கூடும். ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு உண்டு. இவற்றை வரிவரியாகப் படித்துக் காட்டி, நோயாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றும் சொன்னது. எனக்குக் கிடைத்தது ஆங்கிலத்தில் ஒரு ஒப்புதல் படிவம், ஊசி போடுவதற்குச் சற்று முன்னால். தவணைக் கணக்கை மட்டும் தமிழில் பொறுமையாக விளக்கினார்கள்.

நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டு விதிகளும் இதே காரணம் கேட்கும் புத்தியில்தான் நடக்கின்றன. விபத்துக்கோ தீக்காயத்துக்கோ புற்றுநோய்க்கோ பிறகு உறுப்பைச் சீரமைத்தால் பணம் உண்டு, அழகுக்கு என்றால் கிடையாது. பணம் தராததைக்கூட ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இந்தச் சிகிச்சையை இலவசமாகத் தருவதாக அரசு அறிவித்தது. ஏழைகளுக்கு ஏன் இது கிடைக்கக் கூடாது, கிடைக்காவிட்டால் கடன் வாங்குவார்கள் என்றார் அன்றைய சுகாதார அமைச்சர். உயிர் காக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டிய பணம் என்றார்கள் மறுத்தவர்கள். இரண்டு பக்கத்து வாதத்தையும் படித்தேன். வீட்டுவேலை செய்து பிழைக்கும் பெண் மூன்று வாரம் கையைத் தூக்காமல் எப்படிச் சாப்பிடுவாள் என்ற கேள்வி என் கண்ணில் எங்கும் படவில்லை.

ஆனால் எனக்கு அதிகக் கோபம் நம் மேல்தான். 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது எத்தனை வசை வந்தது! அந்தச் சொல்லுக்காக வாதாடியவர்கள் நாம். அந்தச் சொல்லைத் தாங்கிய நமக்கு, அந்த இடத்தில் தையல் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் ஒருத்தியைத் தாங்க முடியவில்லை. அவள் அழகுச் சந்தைக்குப் பலியானவள் என்று கட்டுரை எழுதுவோம். பலியானவளுக்குக் கஞ்சி வைத்துக்கொடுக்க மாட்டோம். சந்தையை எதிர்ப்பதும் அதில் அடிபட்டு வந்தவளைக் கேலி செய்வதும் ஒன்றா? தெரிந்தே போனாளே என்கிறீர்களா? தெரிந்தே கல்யாணம் செய்துகொண்டு அடிவாங்கி வருகிறவளிடம் நாம் அப்படிச் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று நமக்கு நாமே கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

இதைப் படிக்கும் மாணவிகளில் யாராவது அந்தக் கிளினிக்கின் வாசலில் நிற்கலாம். போகாதே என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. போவதற்கு முன் இவற்றைக் கேள். பை எத்தனை வருடம் தாங்கும், மாற்றும் செலவு யாருடையது? உள்ளே கிழிந்திருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனை எப்போது எடுக்க வேண்டும்? இரவில் ஒருபக்கம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், மூச்சு வாங்கினால் யார் ஃபோனை எடுப்பார்கள்? மூன்று வாரம் உன் தண்ணீர்க் கேனைத் தூக்கப்போவது யார்? அந்த ஆளிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போ. எந்த டாக்டரிடமும் மறைக்காதே.

என் பொய்யின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் நாள் அம்மா விடிகாலையில் பஸ் ஏறிச் சமயபுரம் போய்வந்தார். என் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டு, "மார் உரு வாங்கி உண்டியல்ல போட்டேன்த்தா, இனி ஒண்ணும் வராது" என்றார். வெள்ளித் தகட்டில் செய்த மார்பு. அந்த முழங்காலோடு, இல்லாத கட்டிக்காக. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் இரண்டு நாளும் காலையில் சீப்போடு வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் பின்னிக்கொண்டே, "ஆபரேஷன் பண்ணதுக்குக் கோவமில்ல. கட்டின்னு சொல்லி என்னைக் கொன்னியே, அதுக்குத்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப வலிச்சுச்சா? தலையை நேரா வை" என்றார்.

ஒரு புத்தகமும் படிக்காத அம்மாவுக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை? நாளை ஒருத்தி உங்களிடம் வந்து உண்மையைச் சொன்னால், ஏன் செய்தாய் என்பதை ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். சண்டையும் போடுங்கள், நானும் வருகிறேன். அதற்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போய் அந்தத் தண்ணீர்க் கேனைத் தூக்கி வைத்துவிட்டு வாருங்கள்.