நம்ம வீட்டுப் பெட்டி எது?

கரன்ட் போன ராத்திரியில் என் மகள் சொன்ன கதை இது. அமெரிக்க எழுத்தாளர் ஜீன் டூப்ரோ 2003-ல் எழுதிய 'தி சிட்டி ஆஃப் எம்பர்' என்ற சிறுவர் நாவல்.

உலகம் அழியுமென்று பயந்து, பூமிக்கடியில் கட்டிய ஊர் எம்பர். வெளியேறும் வழியை எழுதி, 200 வருஷம் கழித்துத் திறக்கும் பெட்டியில் வைத்து, மேயருக்கு மேயர் கைமாறச் செய்தார்கள். ஏழாவது மேயர் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். யாரிடமும் சொல்லாமலே செத்துப்போனார். பிறகு ஜெனரேட்டர் பழுதாகி, ஊரே அடிக்கடி இருட்டாகிறது. மெழுகுவத்தி என்றால் என்னவென்றே அங்கே யாருக்கும் தெரியாது! கடைசியில் லினா, டூன் என்ற இரண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், கிழிந்துபோன அந்தக் காகிதத்தைப் படித்து வழி கண்டுபிடிக்கிறார்கள். முதன்முதலாகச் சூரிய உதயம் பார்க்கிறார்கள்.

"நம்ம வீட்டுப் பெட்டி எதும்மா?" என்றாள் மகள். எனக்குச் சுருக்கென்றது.

எந்தச் சாமைக் கதிரை விதைக்கு ஒதுக்கணும், எப்படிக் காயவைக்கணும், எல்லாம் என் மாமியாருக்கு அத்துப்படி. ரேஷன் அரிசி பொங்கியே பழகிய நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாளே நோட்டோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்பத்தான் தோணிச்சா?" என்று சிரித்தார். அவர் சொல்லச் சொல்ல, எழுதியவள் என் மகள்.

தோழிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு பெட்டி இருக்கும். இன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

– ஒரு வாசகி, ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை.