லாஸ்பேட்டை ஏர்போர்ட்: எரிபொருளில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு?

புதுச்சேரி: லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு 2024 டிசம்பர் 20-ந் தேதி மறுபடியும் விமானம் வந்தது. பெங்களூர், ஐதராபாத்துக்கு இண்டிகோவின் ஏடிஆர் விமானங்கள். விமானம் நிலைக்குமா, ஓடுபாதை நீளுமா என்றுதான் ஊரில் பேச்சு. விமானத்துக்கு ஊற்றும் எரிபொருளைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

இப்போது ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். ஏடிஆர்-72 விமானத்தில் டேங்க் நிரம்பினால் 5 டன். ஓடுபாதையை நீட்டி ஏர்பஸ் 320 வந்தால் ஒரு விமானமே சுமார் 24 ஆயிரம் லிட்டர் குடிக்கும். அந்த அளவுக்கு இருப்பு வைக்கணும், டேங்கர் லாரி வரணும். சுற்றிலும் வீடுகள், கல்லூரிகள்.

ஜெட் எரிபொருள் பெட்ரோல் மாதிரி பக்கென்று பற்றாது. மண்ணெண்ணெய் ஜாதி. 38 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம்ம ஊர் மே மாத வெயிலுக்கு 38 எல்லாம் ஒரு கணக்கா? குழாயில் வேகமாக ஓடும்போது நிலை மின்சாரமும் சேரும். அதனால்தான் ஊற்றும் முன் விமானத்தையும் லாரியையும் கம்பியால் இணைக்கிறார்கள். ஊழியர் கையில் ஒரு சுவிட்ச் இருக்கும். பிடியை விட்டால் எரிபொருள் நின்றுவிடும். உள்ளே பயணிகள் இருந்தால் சீட் பெல்ட்டை கழற்றி வைக்கச் சொல்வது ஓடித் தப்பிக்கத்தான்.

விதிகளுக்கு பஞ்சமில்லை. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் உள்ள எண்ணெய் தொழில் பாதுகாப்பு இயக்குனரகம் விமான எரிபொருள் நிலையங்களுக்கென்றே 235-ம் எண் தரவிதி வைத்திருக்கிறது. சேமிப்பு லைசென்சுக்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு தனி. விமான பாதுகாப்புக்கு சிவில் விமான இயக்குனரகம். ஆள் அதிகம் என்பதே சிக்கல். விபத்து நடந்தால் ஆளுக்கு ஆள் கை காட்டலாம்.

அமெரிக்காவில் இதுதான் நடந்தது. 1990 நவம்பர் 25-ல் டென்வர் ஸ்டேபிள்டன் விமான நிலைய எரிபொருள் கிடங்கு பற்றிக்கொண்டு 2 நாளுக்கு மேல் எரிந்தது. ஒரு பம்ப் மோட்டாரின் போல்ட் தளர்ந்திருந்ததே மூல காரணம். பராமரித்த கம்பெனி அதை கவனிக்கவில்லை, ஊழியர்களுக்கு சரியான பயிற்சியும் தரவில்லை என்றது விசாரணை. உயிர்ச்சேதம் இல்லை, அது அவர்கள் அதிர்ஷ்டம்.

ஜெய்ப்பூருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2009 அக்டோபர் 29 மாலை, சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில் வால்வு வழியே பெட்ரோல் பீய்ச்சியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் அடைக்க முடியவில்லை. மூடப் போனவரையே ஆவி சாய்த்துவிட்டது. தூரத்தில் இருந்தே வால்வை மூடும் வசதி வேலை செய்யவில்லை. ஆவி மேகம் வெடித்து 11 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் கிடங்குக்கு சம்பந்தமே இல்லாதவர்கள். அணைக்க வழியில்லாமல் தானாக எரிந்து அடங்கட்டும் என்று விட்டார்கள், 11 நாள் ஆனது. மறு வருஷம் அதிகாரிகள் சிலர் கைதானார்கள்.

இழப்பீடு விஷயத்தில் சட்டம் மக்கள் பக்கம்தான். டெல்லி ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது: ஆபத்தான தொழில் நடத்துபவர் தப்பே செய்யாவிட்டாலும் நஷ்டஈடு தரணும், பெரிய கம்பெனி என்றால் தொகையும் பெரிசு. அப்புறம் 1991-ல் பொதுப் பொறுப்பு காப்பீட்டு சட்டம் வந்தது. ஆபத்தான பொருளைக் கையாள்பவர் இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும். ஆனால் அந்த சட்டம் போட்டபோது ஓர் உயிருக்கு எழுதிய உடனடி நிவாரணம் 25 ஆயிரம் ரூபாய்! கூடுதல் வேண்டுமென்றால் தனியாக கோர்ட்டுக்குப் போகணும். அரசு எண்ணெய் கம்பெனி தனி நிதி ஒதுக்கி வைத்தால், இன்சூரன்சில் இருந்து விலக்கு தர மத்திய அரசுக்கு அதிகாரமும் உண்டு.

புதுச்சேரிக்கு இன்னொரு தலைவலி எல்லை. ஓடுபாதை நீட்டிப்புக்கு தமிழ்நாட்டு நிலமும் தேவை. நிலம் கைமாறினாலும் பக்கத்து வீடுகள் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கும். 1991 சட்டப்படி நிவாரண மனுவை விபத்து நடந்த பகுதியின் கலெக்டரிடம் 5 வருஷத்துக்குள் கொடுக்கணும். தீ இந்தப் பக்கம் பிடித்து அந்தப் பக்கம் வீடு எரிந்தால், கோட்டக்குப்பத்துக்காரர் மனுவோடு புதுச்சேரி கலெக்டர் ஆபீசுக்குத்தான் வரணும்.