பியானோ கேட்டால் முதியவர்களின் தனிமை தீருமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

மகன் அமெரிக்காவில், மகள் பெங்களூருவில். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் பல ஃபிளாட்டுகளில் அப்பா, அம்மா மட்டும்தான். சில வீடுகளில் அவர்களிலும் ஒருவர்தான் மிச்சம். “வயசானவங்களுக்கு தினமும் பியானோ போட்டுவிடுங்க, தனிமையே தெரியாது” என்று சுற்றும் வீடியோக்களைப் பார்த்தால், ஒரு ஸ்பீக்கர் வாங்கி அனுப்பலாமே என்று தோன்றும். அது போதுமா?

பிரச்சினை எவ்வளவு பெரியது?

2011 கணக்கெடுப்பில் தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2031ல் இது 18.2 சதவீதமாகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. தனிமையை வெறும் மனவருத்தமாகப் பார்க்க முடியாது. உலக அளவில் ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் அதிகமான மரணங்களோடு தனிமைக்குத் தொடர்பிருப்பதாக உலக சுகாதார அமைப்பு 2025 ஜூனில் மதிப்பிட்டது.

இசை உண்மையிலேயே உதவுமா?

ஓரளவு உதவும். டிமென்ஷியா உள்ளவர்களிடம் நடந்த 30 ஆய்வுகளை அலசிய காக்ரேன் அமைப்பின் 2025 அறிக்கை, இசை சிகிச்சையால் மனச்சோர்வு கொஞ்சம் குறைய வாய்ப்புள்ளது என்கிறது. ஆனால், ஆவேசம் குறைவதாகத் தெரியவில்லை. நினைவாற்றல் திரும்பும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

இங்கே ஒன்றை கவனிக்க வேண்டும். அந்த ஆய்வுகளில் பேசப்படுவது, ஆள் வைத்து, குறைந்தது 5 அமர்வுகளாகத் தந்த சிகிச்சை. ஸ்பீக்கரை ஆன் பண்ணிவிட்டுப் போவது அல்ல. புதுச்சேரி பிள்ளையார்குப்பத்தில் உள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் இசை சிகிச்சைக்கென்றே தனி மையம் உள்ளது.

மொசார்ட் கேட்டால் மூளை சுறுசுறுப்பாகும் என்கிறார்களே?

அந்தப் பேச்சு 1993ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். பலன் நீடித்தது 10 முதல் 15 நிமிடம்தான். முதியவர்களின் தனிமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்போ பியானோ வேண்டாமா?

பிரிட்டனில் டிமென்ஷியாவோடு வாழ்ந்த முன்னாள் இசை ஆசிரியர் பால் ஹார்வியின் வீடியோ 2020ல் வைரலானது. 80 வயதான அவர், மகன் கொடுத்த 4 ஸ்வரங்களை வைத்து அங்கேயே ஒரு மெட்டமைத்து பியானோவில் வாசித்தார். பின்னர் பிபிசி ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அதைப் பதிவு செய்தது. வாழ்நாள் முழுக்க அவரோடு இருந்த கருவி பியானோ. கூடவே மகனும் இருந்தார்.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வாழும் ஆங்கிலோ இந்திய முதியவர்கள் பலருக்கு பியானோ என்பது சர்ச், டான்ஸ் ஹால், இளமை. அடுத்த தெரு பாட்டிக்கு அந்த இடத்தில் சிலோன் ரேடியோவில் கேட்ட பழைய பாட்டு இருக்கும். இன்னொருவருக்கு நாதஸ்வரம். எந்தக் கருவி என்பதைவிட, அது யாருடைய நினைவில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* “உங்க கல்யாணத்தப்போ என்ன பாட்டு ஃபேமஸ்?” என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.
* அரை மணி நேரம் போதும். நாள் முழுக்க ஓடினால் அது வெறும் இரைச்சல்.
* வயதானால் உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். சத்தத்தைக் கூட்டும் முன் காதைப் பரிசோதியுங்கள்.
* முகம் வாடினால் நிறுத்திவிடுங்கள். மறைந்த துணைக்குப் பிடித்த பாட்டு அழவும் வைக்கும்.
* வெளியூரில் இருக்கிறீர்களா? வீடியோ காலில் ஒரே பாட்டைச் சேர்ந்து கேளுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

தூக்கம், சாப்பாடு, பேச்சு குறைந்து இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார்ப்பது அவசியம். கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரி முதல் இயங்குகிறது. முதியோர் உதவி எண் 14567-ஐ காலை 8 முதல் இரவு 8 வரை இலவசமாக அழைக்கலாம்.

ஸ்பீக்கர் வாங்கி அனுப்புவதில் தப்பில்லை. எந்தப் பாட்டு போடட்டும் என்று கேட்க, வாரம் ஒரு முறையாவது ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளைகளால் முடியாத ஊரில், அது எதிர் ஃபிளாட்டுக்காரராகவும் இருக்கலாம்.