என் தம்பி எங்கே என்று சொல்ல ஓர் ஆளில்லையா?

சிறையில் இருக்கும் என் தம்பி குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லவில்லை. சாட்சி விசாரணையே ஆரம்பிக்கவில்லை. அவன் செய்தானா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் கோலார் தங்கவயல் பாலகாட்டில் எங்கள் சுரங்க லைன் வீட்டில் தண்டனை எப்போதோ ஆரம்பித்துவிட்டது. அம்மாவும் நானும், நாலு அடி நடந்தால் மூச்சிரைக்கும் அப்பாவும் என்ன குற்றம் செய்தோம்?

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸை இழுத்து மூடினார்கள். அன்றிலிருந்து தங்கவயலில் பாதி ஜனம் இருட்டோடு எழுந்து, மாரிக்குப்பத்திலிருந்து வரும் ரயிலைப் பிடித்து, 100 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்புகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சிறையில் தம்பியைப் பார்க்க மனுப் போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. ஞாயிற்றுக்கிழமை மனு கிடையாது, கவர்ன்மென்ட் லீவு நாளிலும் கிடையாது. கூலிக்குப் போகிறவர்கள் எந்த நாளில்தான் போய்ப் பார்ப்பது?

போனால் மட்டும் என்ன? ஆதார் ஜெராக்ஸ், போட்டோ, கையில் சீல், மணிக்கணக்கில் வரிசை. கடைசியில் இரண்டு அடுக்குக் கம்பி வலை. இந்தப் பக்கம் இருபது குடும்பம், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அம்மாவுக்குக் குரல் எழும்பாது. “சாப்டியாடா”ன்னு கேட்டது அவன் காதில் விழவே இல்லை. அவன் பதிலுக்குக் கையை விரித்து வலையில் ஒட்டவைத்துக் காட்டினான். விரலிடுக்கெல்லாம் சொறி, சீழ் பிடித்துப் போயிருந்தது. களிம்பு வாங்கித் தருகிறோம் என்றோம், வெளி மருந்து வாங்கமாட்டோம் என்றார்கள். உள்ளே டாக்டர் பார்த்தாரா என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

சரி, கடிதமாவது எழுதலாமென்று அம்மா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி அனுப்பினேன். அதைப் படித்துப் பார்த்துத்தான் உள்ளே கொடுப்பார்களாம், தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லையாம். கடிதம் அவன் கைக்குப் போகவே இல்லை. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் எங்கள் முன்னோர்களை அழைத்து வந்து பூமிக்குள் இறக்கியபோது எங்கள் பாஷை யாருக்கும் இடைஞ்சலாக இல்லையே! உள்ளேயிருந்து போன் பேசலாம் என்கிறார்கள். அதற்கு நம்பரைப் பதிவு செய்ய வேண்டும். அம்மா வைத்திருக்கும் சிம் மாமா பேரில் இருக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஒரு நாள் போய் நின்றபோது, “அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல, மாத்திட்டாங்க” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். எங்கே என்று கேட்டால், “உங்க வக்கீலைக் கேளுங்க.” வக்கீலுக்கும் தெரியவில்லை. அடுத்த வாய்தா வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாமல் கிடந்தோம். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலை பார்த்தவர். அன்றைக்கு அவர் சொன்னது என் நெஞ்சிலேயே நிற்கிறது. “அவ்வளவு ஆழத்துல இருந்தப்பகூட, யார் கீழ இருக்கான், யார் மேல வந்துட்டான்னு டோக்கனைப் பாத்து சொல்ல ஷாஃப்ட்ல ஒரு ஆள் இருந்தான்மா.”

சட்டத்தில் இடமில்லாமலா இப்படி? 1981-லேயே பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: குடும்பத்தாரைப் பார்ப்பது அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும். விசாரணையே இல்லாமல் காவலில் வைக்கப்பட்ட ஒருவருக்கு மாதம் ஒரு தடவைதான் சந்திப்பு என்ற விதி செல்லாது, வாரம் இரண்டு தடவையாவது விட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அது வந்து 40 வருஷத்துக்கு மேலாகியும் நாங்கள் இன்னும் கவுன்ட்டரில் கெஞ்சிக்கொண்டுதான் நிற்கிறோம்.

குடும்பத்துக்குச் சொல்லாமல் செய்வது இந்த நாட்டில் எதுவரைக்கும் போயிருக்கிறது தெரியுமா? 2013 பிப்ரவரி 9-ஆம் தேதி நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட அப்சல் குருவைத் திகார் சிறையில் தூக்கில் போட்டார்கள். போடப்போகிறோம் என்ற தபால் காஷ்மீரில் அவர் வீட்டுக்கு வந்தது 11-ஆம் தேதி. அதே மாதம், பாலாறு கண்ணிவெடி வழக்கில் வீரப்பன் கூட்டாளிகள் என்று தண்டிக்கப்பட்ட நாலு பேரின் கருணை மனுவும் தள்ளுபடியானது. அவர்கள் இருந்தது பெலகாவி ஹிண்டல்கா சிறையில். மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கு அது மாநிலத்தின் மறுகோடி. என்றைக்குத் தூக்கு என்று தெரியாமல் அந்த வீட்டுப் பெண்கள் எப்படித் துடித்திருப்பார்கள்! 2014 ஜனவரி 21-ஆம் தேதி வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புதான் அந்த நாலு பேர் உட்பட 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. தூக்குக்கு 14 நாள் முன்னாடியாவது தகவல் சொல்ல வேண்டும், வீட்டாரைக் கடைசியாகப் பார்க்க விட வேண்டும் என்றும் சொன்னது. தூக்குக் கைதியின் வீட்டுக்கே முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றால், குற்றம் நிரூபிக்கப்படாத என் தம்பி வீட்டுக்குச் சொல்லக் கூடாதா?

“ஜாமீன் எடுத்துட்டா தீர்ந்துதே” என்கிறார்கள். ஷூரிட்டிக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். அப்பாவுக்குக் கம்பெனி கொடுத்த லைன் வீடு, எங்கள் பேரில் ஏது பத்திரம்? 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் 100-க்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனை வீடுகள் எங்கள் வீட்டைப் போல வெறுங்கையோடு நிற்கின்றனவோ! அம்மா டிவியில் ஜோலார்பேட்டை அற்புதம்மாளைப் பார்த்தவள். அவர் மகன் பேரறிவாளன் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் உள்ளே போய் 2022 மே மாதம் விடுதலையானார். “அந்தம்மா மாதிரி நடந்து நடந்து புள்ளைய மீட்க எனக்குத் தெம்பு ஏதுடி?” என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வேன்?

எங்களுக்கு யாருடைய இரக்கமும் வேண்டாம். ஒருவரை வேறு சிறைக்கு மாற்றினால் அன்றைக்கே வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள். தமிழ்க் கடிதத்தைப் படிக்க ஓர் ஆளை வையுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மனுப் பார்க்க விடுங்கள். தங்கவயலில் இருக்கும் வக்கீல்களே, யூனியன் பெரியவர்களே, லைன் வீட்டுக்காரர்களிடம் ஷூரிட்டிக்குப் பத்திரம் கேட்கக் கூடாது என்று ஹைகோர்ட்டில் ஒரு வழக்குப் போடுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.