ஹீட்டரைக் கழற்றி எறிய முன் கொஞ்சம் யோசியுங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. பழைய கார் வைத்திருப்போரும், அதைத் திருத்தும் கராஜ் சகோதரர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

மலையகத்தில் மொரிஸ் மைனர் இன்னும் ஓடுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, கொட்டிலுக்குள் கிடந்த வண்டிகள் கூட வெளியே வந்தன. பெயின்ட் அடிக்கிறோம், சீட் தைக்கிறோம், நல்ல டயர் போடுகிறோம். ஆனால் ஹீட்டர் என்று வந்தால் மட்டும் ஒரே பேச்சு: "இந்த நாட்டுக்கு ஹீட்டர் எதுக்கு? கழட்டி வீசுங்க!"

கொழும்பில் இருப்பவர் அப்படிச் சொன்னால் விட்டுவிடலாம். றம்பொடையிலும் ஹப்புத்தளையிலும் மூடுபனிக்குள் வண்டி ஓட்டும் நாம் சொல்லலாமா?

ஹீட்டர் கால் சூடாக மட்டும் உள்ள சாமான் அல்ல. மழை இரவில் நான்கு பேர் கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு போகும்போது மூச்சில் உள்ள ஈரம் குளிர்ந்த முன் கண்ணாடியில் படிந்துவிடுகிறது. துணியால் துடைத்தால் அடுத்த வளைவில் மறுபடியும் படியும். சூடான காற்று கண்ணாடியில் பட்டால்தான் அந்த ஈரம் போகும். ஒரு பக்கம் பள்ளம், எதிரே பஸ், முன்னால் வெள்ளைத் திரை. இதுதான் "தேவையில்லாத" ஹீட்டரின் விலை.

சரி, பழுதென்றால் என்ன செய்வது? விடுமுறை நாட்களில் பழைய வண்டிகளைப் பிரித்துப் பார்க்கும் ஆசிரியர்கள் நாங்கள் சிலர். நாங்கள் கண்ட உண்மை ஒன்றுதான்: ஹீட்டர் வேலை செய்யவில்லை என்பது ஒரு பழுதல்ல, இரண்டு வேறு கேள்விகள். காற்று வரவில்லையா? காற்று வருகிறது, சூடு வரவில்லையா? முதலாவது மின்சாரத்தின் கதை. இரண்டாவது தண்ணீரின் கதை.

காற்று வரவில்லை என்றால் சாவியைப் போட்டுவிட்டு முதலில் பியூஸைப் பாருங்கள். பியூஸ் எரியாமலேயே அதன் இரு முனையிலும் பச்சைக் களிம்பு பிடித்து மின்சாரத்தைத் தடுக்கும். சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு துண்டு வயரும் போதும். ஒரு முனையை கார் பொடியில் துரு இல்லாத இடத்தில் வையுங்கள். மறு முனையை மோட்டாருக்கு மின்சாரம் வரும் வயரில் வையுங்கள். பல்ப் எரியாவிட்டால் பழுது சுவிட்சிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. எரிந்தால் மின்சாரம் மோட்டார் வரை வந்துவிட்டது. அடுத்து மோட்டாரின் எர்த்திலிருந்து சுத்தமான இரும்புக்கு ஒரு வயர் போட்டுப் பாருங்கள். விசிறி சுற்றினால் எர்த்தில்தான் பிழை. அப்போதும் சுற்றாவிட்டால் சுவிட்சை மூடிவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பழைய கிறீஸ் காய்ந்திருக்கும், ஓரிரு துளி எண்ணெய் போதும். இலகுவாகச் சுற்றினால் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஊரில் ஹாஜியார் ஒருவரின் வண்டிக்கு மோட்டார் எரிந்துவிட்டது என்று கராஜில் சொல்லி, வேறொரு மோட்டாரும் வாங்க வைத்தார்கள். அதுவும் சுற்றவில்லை. பழுது துருப்பிடித்த ஓர் எர்த் ஆணியில் இருந்தது. பழைய மோட்டாரே இன்று ஓடுகிறது.

இன்னொரு விசயம். மொரிஸ் மைனர் கம்பனியிலிருந்து வந்தது பொசிட்டிவ் எர்த்தில். ரேடியோ பூட்டவோ ஒல்டர்னேட்டர் போடவோ பலர் அதை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிட்டார்கள். நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டார் என்றால், வயரை மாற்றிக் கொடுக்காவிட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் கேட்கும், காற்று சரியாக வராது.

இனி சூட்டுக்கு வருவோம். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடென்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுப் பாதையைப் பாருங்கள். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் உள்ளே அடைப்பு, அல்லது காற்று சிக்கியிருக்கிறது. இரண்டும் குளிர் என்றால் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கமுள்ள வால்வைப் பாருங்கள். பல வண்டிகளில் அது பல வருடமாகத் திறக்கப்படாமல் சேறு பிடித்திருக்கிறது. ரேடியேட்டரில் வெறும் பைப் தண்ணீர் ஊற்றும் நம் பழக்கத்தின் பலன் இது. என்ஜின் ஆறிய பின் ஹோஸைக் கழற்றி, மெதுவான தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டுக் கழுவுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

வால்வும் சரி, ஹோஸும் சரி, ஆனாலும் வெதுவெதுப்புத்தான் என்றால் தேர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். என்ஜின் சூடேறுகிறது என்று யாரோ எப்போதோ அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அடைத்த ரேடியேட்டரைக் கழுவாமல் தேர்மோஸ்டாட்டைக் கழற்றுவது, காய்ச்சலுக்கு தேர்மோமீட்டரை உடைப்பது போன்றது. என்ஜின் குளிராகவே ஓடும், பெற்றோல் கூடும், என்ஜினும் தேயும். பழி மட்டும் ஹீட்டருக்கு.

கழற்றியே தீருவேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹோஸும் வயரும் போன ஓட்டைகளைத் திறந்து விடாதீர்கள். சைலன்சர் பக்கம் கசிவிருந்தால் கார்பன் மொனொக்சைட் அந்த வழியாக உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின் சீட்டில் தூங்கும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது.

கராஜ் சகோதரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் நாட்டில் செய்த மொரிஸ் மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகியிருக்கின்றன. கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. குறைவது, கழற்ற முன் சோதிக்கும் பொறுமை. "மாத்திப் பார்ப்போம்" என்ற வார்த்தைக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுப்பவர் வண்டிக்காரர்.

நம் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் பல்பும் பெட்டரியும் வைத்துச் சுற்று வரைகிறார்கள், புள்ளியும் எடுக்கிறார்கள். வீட்டு வாசலில் நிற்கும் காரில் அதே சுற்று ஓடுகிறது என்று யாரும் காட்டுவதில்லை. அடுத்த முறை போனட்டைத் திறக்கும்போது மகனையும் மகளையும் பக்கத்தில் நிறுத்துங்கள். பல்பை அவர்கள் கையில் கொடுங்கள். எங்கே எரிகிறது, எங்கே எரியவில்லை என்று அவர்களே சொல்லட்டும்.

வருடக் கடைசி மழை தொடங்க முன் ஒரு சனிக்கிழமை இதற்குப் போதும். பழைய வண்டி வைத்திருக்கும் ஒருவருக்காவது இதைப் பகிருங்கள். அனுபவமுள்ள பாஸ்மார் கீழே உங்கள் கருத்தையும் எழுதுங்கள், எல்லோரும் படித்துக்கொள்வோம்.