வரப்போரம் எடுத்த படம்... உரிமை யாருக்கு?

“நெமிலி பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, நடவு சமயத்தில் காரில் வந்த ஒருவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, நாற்றுக்கட்டோடு நின்ற என் அம்மாவைப் படம் எடுத்தார். பேர்கூடக் கேட்கவில்லை. இந்த வருடம் ஒரு கடையில் கொடுத்த காலண்டரில் அதே படம். விதை விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அது பெருமையா, வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் படத்தில் எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நெமிலி.

உண்டு. ஆனால், படத்தின் உரிமை வேறு, முகத்தின் உரிமை வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள, உலகம் முழுக்கப் புகழ்பெற்ற ஒரு பயணப் படத்தின் கதை உதவும். அதில் இருப்பவரும் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளிதான்.

1936-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம். பஞ்சம் பிழைக்க ஊர் ஊராக அலைந்த விவசாயக் குடும்பங்களைப் படமெடுக்க, அரசாங்கச் சம்பளத்தில் சுற்றிவந்தார் டொரோத்தியா லாங்கே. ஒரு மாதப் பயணம் முடிந்து, மழையில் வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டிருந்தார். நிபோமோ என்ற ஊர் அருகே, ‘பட்டாணி பறிப்பவர்கள் முகாம்’ என்று ஒரு பலகை கண்ணில் பட்டது. நிற்காமல் போய்விட்டார். மனசு கேட்கவில்லை. சுமார் 30 கிலோமீட்டர் தூரம் போன பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

அங்கே பனியில் பட்டாணிப் பயிர் கருகிப்போயிருந்தது. பறிக்க வேலையில்லை, கூலியும் இல்லை. ஒரு கிழிந்த கூடாரத்தில் 32 வயதுப் பெண் ஒருவர் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார். மடியில் கைக்குழந்தை. இரண்டு பக்கமும் தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள். லாங்கே பத்து நிமிடம்தான் அங்கே இருந்தார். ஒரு சில படங்கள் எடுத்தார். பெயர் கேட்கவில்லை. கிளம்பிவிட்டார்.

அந்தப் படங்கள் சான்பிரான்சிஸ்கோ செய்தித்தாளில் வந்தன. அரசாங்கம் பதறிப்போய், 20,000 பவுண்டு உணவுப் பொருட்களை அந்த முகாமுக்கு அனுப்பியது. நம் கணக்கில் ஏறத்தாழ 9 டன். முகாமில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். ஆனால், படத்தில் இருந்த குடும்பம் அதற்குள் வேறு ஊருக்கு வேலை தேடிப் போயிருந்தது. யாருடைய முகத்தைப் பார்த்து உலகம் இரங்கியதோ, அவர் கைக்கு அந்த உணவு போய்ச் சேரவில்லை.

பெயர் கேட்காததால் இன்னொரு தவறும் நடந்தது. ‘சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள்’ என்று லாங்கே குறித்துவைத்தார். அந்தக் குடும்பம் பின்னாளில் இதை மறுத்தது. ‘கார் பழுதாகி வழியில் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்யத்தான் வீட்டு ஆண்கள் டவுனுக்குப் போயிருந்தார்கள். டயரை விற்றிருந்தால் பிறகு எப்படிப் போயிருக்க முடியும்?’ என்பது அவர்கள் தரப்பு நியாயம்.

40 ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பெண் யாரென்றே வெளியில் தெரியவில்லை. 1978-ல்தான் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையாளர் அவரைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கி பழங்குடி வம்சத்தில் வந்தவர். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை, அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார். 1983-ல் அவர் நோயில் விழுந்தபோது, பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் கடிதங்களும், அவற்றோடு பணமும் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். 1998-ல் அந்தப் படம் அமெரிக்க அஞ்சல் தலையாகவும் வந்தது.

லாங்கே கெட்டவர் அல்ல. சம்பளத்தைத் தவிர அந்தப் படத்தால் அவருக்கும் தனி வருமானம் வரவில்லை. அரசாங்கச் சொத்து என்பதால் யார் வேண்டுமானாலும் அதை அச்சடிக்கலாம் என்று இருந்தது. எல்லோரும் அச்சடித்தார்கள். படத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நம் மண்ணிலும் இப்படி நடந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் வடாற்காடும் தப்பவில்லை. இன்றைய நெமிலி வட்டாரம் அன்றைக்கு அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. நிவாரண வேலை செய்த ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும்தான் கூலி என்று குறைத்த காலம் அது. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. அப்போது ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்த மக்களை வரிசையாக உட்காரவைத்துப் படங்கள் எடுத்தார். பஞ்சம் பற்றிய புத்தகங்களில் இன்றைக்கும் அந்தப் படங்களைத்தான் போடுகிறார்கள். எடுத்தவர் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறது. உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அவர்கள் எந்த ஊர், எந்தக் குடும்பம், பிழைத்தார்களா என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி, நெமிலி வாசகரின் கேள்விக்கு வருவோம்.

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அதை எடுத்தவர்தான். எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை பணம் கொடுத்தவருக்கு. கல்யாணப் படம் இந்த வகை. வயலில் நின்ற அம்மாவை வழிப்போக்கர் எடுத்த படம் இந்த வகையில் வராது. அதனால், பதிப்புரிமை அம்மாவுக்கு இல்லை.

ஆனால், முகம் அம்மாவுடையது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ‘ஆட்டோ சங்கர் வழக்கு’ என்று பலரும் சொல்லும் ராஜகோபால் வழக்கு அது. ஒருவருடைய பெயரையோ, உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது, அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்றது அந்தத் தீர்ப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வும் உறுதிசெய்துவிட்டது. செய்திக்காகப் படம் போடுவது வேறு. விதை விற்கப் போடுவது வேறு. இரண்டாவதற்குச் சம்மதம் வேண்டும்.

அதனால், முதலில் அந்தக் காலண்டரில் இரண்டு பிரதிகளைப் பத்திரப்படுத்த வேண்டும். கீழே அச்சகத்தின் பெயர் இருந்தால் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நடவில் கூட இருந்தவர்கள் யார் யார் என்று எழுதிவைப்பது நல்லது. படத்தில் இருப்பது அம்மாதான் என்று சொல்ல அவர்கள்தான் சாட்சி. பிறகு, சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, படத்தை நிறுத்தும்படியும் இழப்பீடு தரும்படியும் கேட்கலாம். பதில் வராவிட்டால் வழக்குத் தொடரலாம். நாள் கடத்தக் கூடாது. வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. இலவச சட்ட உதவிக்குப் பெண்கள் எல்லோரும் தகுதியானவர்கள். வருமான வரம்பு கிடையாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம்.

பெயரும் இடமும் இல்லாத படம் எவ்வளவு பலவீனமானது என்பது வேலூர், ஆம்பூர் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பங்களை அடையாளம் கண்டு இழப்பீடு தர வேண்டும் என்பது அதில் முக்கியமான பகுதி. நுரை பொங்கும் ஆற்றை வழிப்போக்கர் எத்தனை படம் எடுத்தாலும், எந்தக் கிணறு, எந்தச் சர்வே எண், யாருடைய நிலம் என்று இருந்தால்தான் அது கணக்கில் ஏறும். வெள்ளத்தில் சாய்ந்த நெல்லுக்கும் இதே கதைதான்.

படம் எடுக்கும் இடத்தில் இன்றைக்கு விவசாயிகளும் இருக்கிறார்கள். கண்டுணர்வு சுற்றுலா என்று வேளாண்மைத் துறை பக்கத்து மாவட்டங்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் அழைத்துப் போகும்போது, ஒவ்வொருவர் செல்போனிலும் நூறு படங்கள் சேர்கின்றன. ஊர் திரும்பிய ஆறே மாதத்தில், அது எந்த ரகம், யார் தோட்டம் என்பது மறந்துபோகிறது. எடுக்கும் முன் அந்த விவசாயியிடம் ஒரு வார்த்தை கேட்டு, பெயர், ஊர், தேதி, பயிர் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டால், அந்தப் படம் பத்து வருடம் கழித்தும் பயன்படும். எடுத்த படத்தை அவருக்கே அனுப்பிவைத்தால், அடுத்த சந்தேகத்துக்குத் தயங்காமல் போன் போடலாம்.

நெமிலி அம்மாவின் வழக்கு எப்படிப் போனாலும், வீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தக் காலண்டர் படத்தின் பின்புறத்தில் அவர் பெயர், நட்ட நெல் ரகம், வருடம் எல்லாவற்றையும் அழியாத மையில் எழுதிவைக்க வேண்டும். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அது தேவைப்படும்.